தீயும் வாயில்லா ஜீவன்களும்



சிலப்பதிகாரத்தில் மதுரை மாநகர் எரிந்த கதையை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். கணவனை இழந்த கண்ணகியின் சினம் தீயாக மூண்டபோது, தீக்கடவுள் அவள் முன் வந்து நின்று, இந்த நகரத்தில் யார் யார் பிழைக்க வேண்டும் என்று கேட்கிறான். அத்தனை கோபத்திலும் அந்தப் பெண் நிதானம் இழக்கவில்லை. விட்டுவிட வேண்டியவர்கள் என்று அவள் சொல்லுகிற வரிசையில் முதியோர் இருக்கிறார்கள், குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்களோடு பசுக்களும் இருக்கின்றன. ஊரே எரிகிற நேரத்தில் ஒரு பசுவை நினைத்துப் பார்க்கிற மனம் நம் இலக்கியத்தில் அன்றே இருந்தது.

ஆனால் அது காவியம். காவியத்துத் தீ சொன்ன சொல்லைக் கேட்டது. நம் வீட்டு அடுப்படியில் பற்றுகிற தீ யார் சொல்லையும் கேட்காது. அதற்குப் பசுவும் ஒன்றுதான், பழந்துணியும் ஒன்றுதான். ஆகவே, தீப்பிடித்தால் நம்மை நம்பி வாழும் நாய், பூனை, கோழி, ஆடு, மாடு இவற்றை எப்படிக் காப்பது, அவற்றைக் காக்கப் போய் நம் உயிரை இழக்காமல் இருப்பது எப்படி என்பதைப் பற்றி இன்று பேசுவோம்.

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் மலைப்பாதையில் இருக்கிறது நம்முடைய கோலா தெர்லா. சுற்றிலும் தேயிலை மலை, பள்ளத்தாக்கில் காய்கறித் தோட்டம். கேமரன் மலையின் இரவுக் குளிரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் குளிர்தான் நம் விஷயத்தில் முக்கியமானது. கீழ்நாட்டுத் தோட்டத்தில் நாய் வாசலில் படுக்கும், பூனை கூரைமேல் திரியும். இங்கே எல்லாமே சூட்டைத் தேடி வீட்டுக்குள் வரும். பூனை அடுப்பங்கரையில் சுருண்டு கொள்ளும். குஞ்சுக் கோழிகளுக்கு மின்விளக்கு எரிய வைப்போம். கன்றுக்குட்டியின் கொட்டகையில் கொசுவுக்கும் குளிருக்குமாக மூட்டம் போடுவோம். நெருப்பும் பிராணியும் ஒரே இடத்தில், அதுவும் நாம் அயர்ந்து தூங்கும் நேரத்தில் இருக்கின்றன.

ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்வோம். பழைய பலகை லயம். ஒரே தகரக் கூரையின் கீழ் ஆறு குடும்பம். மூன்றாவது வீட்டில் நடுச்சாமத்தில் சமையற்கட்டிலிருந்து புகை கிளம்புகிறது. பாட்டிதான் முதலில் இருமிக்கொண்டு எழுகிறார். "எந்திரிங்க, எந்திரிங்க" என்று சத்தம் போடுகிறார். தகப்பனார் கைக்குழந்தையைத் தூக்குகிறார், தாய் பாட்டியின் கையைப் பிடிக்கிறார், பத்து வயதுப் பையன் பின்னால் ஓடி வருகிறான். எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். மாரியாத்தா புண்ணியம் என்று நெஞ்சில் கை வைக்கும் நேரத்தில் பையன் அலறுகிறான்: "அப்பா, கறுப்பன் உள்ளே இருக்கான்! சங்கிலி கட்டியிருக்கு!"

தகப்பனாரின் கால் வீட்டை நோக்கி ஓர் அடி எடுத்து வைக்கிறது.

அந்த ஓர் அடியைப் பற்றியதுதான் இன்றையப் பேச்சு. அந்த அடியை அவர் எடுத்து வைக்க வேண்டிய தேவையே வராதபடி, அதற்கு முந்திய நாளே என்ன செய்திருக்கலாம் என்பதுதான் கேள்வி.

"நாய்க்காக ஒரு மனுசன் தீயில் போவானா?" என்று யாராவது கேட்கலாம். போவான். அதை மறுப்பதில் பயனில்லை. 2005-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கத்ரீனா என்ற பெரும் புயல் வீசியபோது, நியூ ஓர்லியன்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. மீட்புப் படகுகளிலும் முகாம்களிலும் பிராணிகளுக்கு இடமில்லை என்று சொன்னதால், வீட்டை விட்டு வரவே மறுத்தவர்கள் பலர். அரசாங்கம் அதிலிருந்து ஒரு பாடம் கற்றது. மறு ஆண்டே, 2006-இல், பேரிடர் காலத் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்த்தே திட்டமிட வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். பிராணியை மறந்துவிட்டுப் போடுகிற திட்டம், மனிதனையும் காப்பாற்றாது என்பது அப்போது தெளிவாயிற்று.

பிராணிகளின் பாசமும் குறைந்ததல்ல. 1996-ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில், கைவிடப்பட்ட ஒரு வாகனக் கொட்டகை தீப்பிடித்தது. அங்கே குட்டிகளோடு இருந்த ஒரு தெருப் பூனை, தன் ஐந்து குட்டிகளையும் ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வெளியே கொண்டு வந்தது. கண்கள் வெந்து மூடிக்கொண்டன. காதும் முகமும் கருகின. தீயணைப்பு வீரர் ஒருவர் அதைக் கண்டெடுத்துக் காப்பாற்றினார். ஸ்கார்லெட் என்று பெயர் பெற்ற அந்தப் பூனை 2008 வரை உயிரோடு இருந்தது. உலகமே அதைப் போற்றியது. நாமும் போற்றலாம், ஆனால் அதைப் போல் செய்யக் கூடாது. பூனைக்கு முன்கூட்டித் திட்டமிடத் தெரியாது. நமக்குத் தெரியும்.

சரி, வெளியே வந்தவர் திரும்பவும் உள்ளே போனால் என்ன ஆகும்? "மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் வந்துவிடுவேன்" என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். வீட்டுத் தீயில் பெரும்பாலோரைக் கொல்வது சுவாலை அல்ல, புகை. மரம், துணி, மெத்தை, பிளாஸ்டிக் இவை எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் சிவப்புப் பொருளோடு இந்த வாயு 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக் கொள்கிறது. பிறகு பிராணவாயுவுக்கு இடம் கிடைப்பதில்லை. தலை சுற்றும், காலில் வலுவிருக்காது, புத்தி தடுமாறும். எந்தப் பக்கம் வாசல் என்பதே மறந்து போகும். தினம் நடந்து பழகிய வீட்டிலேயே மனிதர்கள் வழி தெரியாமல் விழுவது இதனால்தான்.

பறவைகளின் நிலை இன்னும் மோசம். அவற்றின் நுரையீரல் காற்றை மிகச் சீக்கிரமாகவும் முழுமையாகவும் உறிஞ்சக் கூடியது. இதை அறிந்துதான் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் கேனரி என்ற சிறு மஞ்சள் பறவையைக் கூண்டில் வைத்துக் கீழே கொண்டு போனார்கள். பறவை தள்ளாடினால் நச்சு வாயு இருக்கிறது என்று அறிந்து மனிதர்கள் மேலே ஏறிவிடுவார்கள். இந்த வழக்கம் 1986 வரை இருந்தது. அதன் பிறகே கருவிகள் அந்த வேலையை ஏற்றுக் கொண்டன. ஆகையால் வீட்டுக்குள் கிளியோ புறாவோ வளர்ப்பவர்கள், கூண்டைச் சமையற்கட்டில் தொங்கவிடாமல் வாசலுக்கு அருகில், கை நீட்டினால் எடுக்கும்படி வைக்க வேண்டும்.

இனி, பிராணிகளின் குணத்தைச் சற்றுப் பார்ப்போம். ஆபத்து வந்தால் அவை தாமாகவே ஓடிவிடும் என்று எண்ணுகிறோம். அது பாதிதான் உண்மை. பூனை பயந்தால் ஓடாது, ஒளியும். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், அரிசித் தோம்புக்கு இடுக்கில் போய்ப் பதுங்கும். கூப்பிட்டாலும் வராது. நாய் தான் வழக்கமாகப் படுக்கும் இடத்துக்கே போய்ச் சுருண்டு கொள்ளலாம். மாடும் ஆடும் கொட்டகையைத் தங்கள் காவல் என்று நம்புகின்றன. வெளியே இருட்டும் கூச்சலும் இருக்க, உள்ளே பழகிய இடம் இருக்க, அவை வெளியே வர மறுக்கும். இழுத்து வந்து விட்டாலும் திரும்ப உள்ளே ஓடும். இது பிடிவாதம் அல்ல, பயம். நம் ஏற்பாடுகள் எல்லாம் இந்தப் பயத்தைக் கணக்கில் வைத்தே செய்யப்பட வேண்டும்.

என்ன ஏற்பாடு? மூன்று வேலைகள். முதலாவது, தீ வராமல் பார்ப்பது. இரண்டாவது, கட்டு சீக்கிரம் அவிழும்படி செய்வது. மூன்றாவது, யார் எதைக் கவனிப்பது என்று பேசி வைப்பது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் தீ வராமல் பார்ப்பது. பிராணிகளால் வரும் தீ விபத்துகள் பல உண்டு. சாமி விளக்கைத் தரையில் வைத்தால் பூனையின் வாலோ நாயின் உடம்போ பட்டுச் சாயும். விளக்கைச் சுவரில் பதித்த மாடத்தில் அல்லது உயரமான தட்டில், பித்தளைத் தாம்பாளத்தின் நடுவே வையுங்கள். கொசுவர்த்திச் சுருளைத் தகர மூடியின் மேல், துணி தொங்காத இடத்தில் வையுங்கள். விறகடுப்பில் தணலை இரவில் அப்படியே விட்டுவிடாமல், தண்ணீர் தெளித்து அணையுங்கள். அடுப்பின் சூட்டுக்குப் பூனை வந்து படுக்கும். அதன் ரோமத்தில் ஒரு பொறி பட்டால் போதும், அது ஓடுகிற இடமெல்லாம் தீயை இழுத்துக்கொண்டு ஓடும்.

குஞ்சுக் கோழிகளுக்கு விளக்குப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். வெறும் மின்கம்பியில் விளக்கைத் தொங்கவிடாதீர்கள். கோழி பறந்து மோதினால் விளக்கு மரத்தூளில் விழும். மரத்தூள் புகைந்து புகைந்து பற்றும். இரும்புச் சங்கிலியில் தொங்கவிட்டு, அதற்கு மேல் ஒரு கம்பியையும் காவலாகக் கட்டுங்கள். தரைக்கும் விளக்குக்கும் ஒன்றரை அடியாவது இடைவெளி வேண்டும். விளக்கைச் சுற்றி ஒரு வலைக் கூண்டு இருப்பது நல்லது.

கொட்டகையில் மூட்டம் போடுவது நம் தாத்தா காலத்துப் பழக்கம். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மூட்டத்தைக் கொட்டகைக்குள் போடாதீர்கள். வெளியே, காற்று வரும் பக்கமாக, ஒரு பழைய இரும்புச் சட்டியில் போடுங்கள். நீங்கள் தூங்கப் போகுமுன் சாம்பலில் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த புல்லையும் சாக்குகளையும் கொட்டகைச் சுவரோடு சேர்த்துக் குவிக்க வேண்டாம். எலி கடித்த மின்கம்பியைக் கண்டால் துணி சுற்றி ஒட்டுப் போட வேண்டாம். அலுவலகத்தில் சொல்லி, உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டு மாற்றச் சொல்லுங்கள். ஒரே மின் சொருகில் நான்கு கம்பிகளை இழுத்து, ஒன்றைக் கோழிக் கூட்டுக்கும் இன்னொன்றைக் கொட்டகைக்கும் கொண்டு போவது ஆபத்தை நாமே அழைப்பதாகும்.

நேயர்களே, ஒரு சிறு பொருளையும் சொல்லிவிடுகிறேன். புகை கண்டால் கூவும் கருவி இப்போது பட்டணத்துக் கடைகளில் கிடைக்கிறது. கூரைப் பலகையில் பொருத்தினால், பேட்டரியில் இயங்கும். மாதம் ஒரு முறை பொத்தானை அழுத்திச் சோதித்தால் போதும். நாய் குரைப்பதைப் போல அதுவும் ஒரு காவல்தான்; ஆனால் அது தூங்காது.

இரண்டாவது வேலை, கட்டை அவிழ்ப்பது. இதுதான் இன்றையப் பேச்சின் உயிர்நாடி. "தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறான்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். தீ விஷயத்தில் அந்தப் பழமொழி எழுத்துக்கு எழுத்து உண்மை. தும்பில் இருக்கிறது மாட்டின் உயிர்.

நாம் மாட்டை எப்படிக் கட்டுகிறோம்? மழையில் நனைந்து, மாடு இழுத்து இழுத்து, முடிச்சு கல்லாக இறுகிப் போயிருக்கும். பகல் வெளிச்சத்திலேயே அவிழ்க்கப் பல்லால் கடிக்க வேண்டும். புகையில், நடுங்கும் கையால் அதை அவிழ்க்க முடியுமா? ஆகவே முடிச்சை மாற்றுங்கள். கயிற்றைத் தூணைச் சுற்றிக் கொண்டு வந்து, கடைசியில் நுனியை முழுவதும் நுழைத்து இழுக்காமல், மடித்து ஒரு காதாக மட்டும் நுழைத்து இறுக்குங்கள். பிள்ளைகள் சப்பாத்துக் கயிறு கட்டுவது போலத்தான். மாடு இழுத்தால் முடிச்சு இறுகும். நாம் தொங்கும் நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும். அந்த நுனி மாட்டின் வாய்க்கு எட்டாத பக்கம் இருக்கட்டும். இன்று மாலையே வீட்டில் எல்லாருக்கும் இதைக் கற்றுக் கொடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு அவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். புகையில் கண் தெரியாது. கைதான் பார்க்க வேண்டும்.

கொட்டகைக்கு வெளியே, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், ஒரு கூரிய கத்தியைத் தொங்கவிட்டு வையுங்கள். கயிறு அவிழாவிட்டால் அறுத்துவிடலாம். ஒரு கயிற்றின் விலை ஒரு மாட்டின் விலை அல்ல.

நாய்ச் சங்கிலியில் கம்பி சுற்றிக் கட்டுவதை விட்டுவிட்டு, விரலால் அழுத்தினால் திறக்கும் கொக்கியை மாட்டுங்கள். மலைக் குளிரிலும் ஈரத்திலும் கொக்கி துருப்பிடிக்கும்; மாதம் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். கழுத்துப் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிற அளவு தளர்வு இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாயை இரவில் சமையற்கட்டில் கட்டாதீர்கள். அங்கேதான் பெரும்பாலும் தீ தொடங்குகிறது. வாசல் பக்கத்தில் கட்டினால் அது உங்களை எழுப்பவும் செய்யும், நீங்கள் போகிற வழியில் அதை அவிழ்த்து விடவும் முடியும்.

ஆட்டுக் கொட்டிலுக்குப் பூட்டுப் போடுகிறோம். திருட்டுப் பயம் இருக்கும்போது வேறு என்ன செய்வது? பூட்டுங்கள். ஆனால் சாவி தலையணைக்கு அடியிலோ சட்டைப் பையிலோ இருக்கக் கூடாது. வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி, அந்த ஆணியில் சாவி. இன்னொரு சாவி, நம்பிக்கையான அண்டை வீட்டாரிடம். கொட்டில் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே ஆடுகள் பயந்து கதவில் மோதி நெருக்கினால், உள்பக்கம் திறக்கும் கதவைத் திறக்கவே முடியாது.

பூனைக்கு என்ன செய்யலாம்? கோலா தெர்லாவில் காய்கறிக் கூடைக்குப் பஞ்சமில்லை. கைப்பிடி உள்ள இரண்டு பிளாஸ்டிக் கூடைகளை ஒன்றன் மேல் ஒன்று கவிழ்த்து, ஒரு பக்கம் கம்பியால் கீல் போலக் கட்டி, மறுபக்கம் ஒரு கொக்கி போட்டால், காற்றோட்டமான பூனைக் கூடு தயார். அதை ஒளித்து வைக்காமல், பழைய துணி விரித்து, அதிலேயே பூனையைப் படுக்கப் பழக்குங்கள். பயந்தால் அது ஒளிய ஓடும் இடமே அந்தக் கூடையாகிவிடும். கூடை இல்லாதவர்களுக்குத் தலையணை உறை போதும். பூனையை அதில் இட்டு வாயை முறுக்கிப் பிடித்தால், கடியும் இல்லை, கீறலும் இல்லை. துணியின் ஊடே மூச்சும் விடலாம்.

மூன்றாவது வேலை, பேசி வைப்பது. ஒரு நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பம் முழுவதும் உட்கார்ந்து பேசுங்கள். கைக்குழந்தையை யார் தூக்குவது, பாட்டியை யார் கூட்டி வருவது என்பது முதல் பேச்சு. அதன் பிறகே பிராணிகள். நாயை அண்ணன் அவிழ்ப்பான். பூனைக் கூடையை அக்காள் எடுப்பாள். கொட்டகை தகப்பனார் பொறுப்பு. சிறு பிள்ளைகளுக்குப் பிராணிப் பொறுப்பே கொடுக்கக் கூடாது. அவர்களுக்கு ஒரே வேலை: வெளியே வந்து, குறித்த இடத்தில் நிற்பது. பெரட்டுக் களமோ கோயில் வாசலோ ஆயாக் கொட்டகையோ, எல்லாரும் கூடுகிற இடம் எது என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லி வையுங்கள்: "நீ வெளியே வந்த பிறகு, எதற்காகவும் உள்ளே போகக் கூடாது. கறுப்பன் உள்ளே இருந்தால் பெரியவங்ககிட்ட சொல்லு. நீ ஓடாதே." தீ வருகிற இரவில் சொன்னால் பிள்ளை காதில் ஏறாது. இன்று சொன்னால் ஏறும்.

பகல் நேரத்தையும் மறக்கக் கூடாது. கணவனும் மனைவியும் மலைக்கு வேலைக்குப் போய்விடுவார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வீடு பூட்டியிருக்கும், நாய் சங்கிலியில், ஆடு கொட்டிலில். அப்போது தீப்பிடித்தால் யார் அவிழ்ப்பது? லயத்தில் எப்போதும் வீட்டிலிருக்கும் பெரியவர்கள் இரண்டு மூன்று பேராவது உண்டு. எந்த வீட்டில் என்ன பிராணி, எங்கே கட்டியிருக்கிறது, சாவி எங்கே என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாசல் நிலைக்கு மேல் ஓர் அட்டையில், "நாய் 1, பூனை 2, பின்கட்டில் கோழி" என்று எழுதி ஒட்டி வையுங்கள். வருகிற தீயணைப்பு வீரரும் அதைப் பார்த்து அறிந்து கொள்வார்.

இவ்வளவும் செய்தாயிற்று. ஆனாலும் ஒரு நாள் தீப்பிடித்துவிட்டது என்று வைத்துக் கொள்வோம். அந்த நேரத்தில் வரிசை மாறக் கூடாது.

முதலில் கூச்சல் போட்டு எல்லாரையும் எழுப்புங்கள். அண்டை வீட்டாரையும் சேர்த்துத்தான். லயத்து வீடுகளில் சுவர் தனித்தனி. ஆனால் பழைய லயங்களில் கூரைக்கும் கூரைப் பலகைக்கும் இடையில் உள்ள வெளி ஒன்றுதான். தீ அந்த வழியாக வீட்டுக்கு வீடு ஓடும். இலங்கை மலையகத் தோட்டங்களில் லயன் தீப்பிடிக்கும் செய்தியை நாம் அடிக்கடி கேள்விப்படுகிறோம். ஒரு வீட்டில் தொடங்கிய தீ வரிசை முழுவதையும் அழித்துவிடுவதற்கு இதுவே ஒரு பெருங்காரணம்.

அடுத்து, மனிதர்கள் வெளியேற வேண்டும். புகை மேலே நிற்கும். தரைக்கு அருகில்தான் நல்ல காற்று இருக்கும். ஆகவே குனிந்தோ தவழ்ந்தோ வாருங்கள். போகிற வழியில் கைக்கு எட்டுகிற பிராணியை அவிழ்த்துக்கொண்டு போங்கள். தேடிக்கொண்டு நிற்காதீர்கள். தீப்பற்றிய அறையின் கதவைச் சாத்த முடிந்தால் சாத்திவிட்டு வாருங்கள். சாத்திய கதவு தீயையும் புகையையும் சற்று நேரம் தடுத்து நிறுத்தும். அந்தக் கதவு சாத்தியிருந்து, நாயோ பூனையோ வேறு அறையில் மாட்டிக்கொண்டிருந்தால், வாசல் கதவைத் திறந்து வைத்து, வெளியே நின்றபடி அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். சாப்பாட்டுத் தட்டைத் தட்டுங்கள். பழகிய சத்தம் கேட்டால் சில சமயம் தானே வரும்.

வெளியே வந்ததும் 999 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழையுங்கள். தோட்டத்தின் பெயர், எந்த லயம், பெரிய பாதையிலிருந்து எந்தத் திருப்பம் என்று பதறாமல் சொல்லுங்கள். நம்முடையது வளைந்து நெளிந்த மலைப்பாதை. பொம்பா வண்டி பறந்து வர முடியாது. ஆகையால் "நாமே அணைத்துப் பார்க்கலாம், பிறகு கூப்பிடலாம்" என்று தாமதிக்க வேண்டாம். ஒருவர் பெரிய பாதைக்குப் போய் நின்று வண்டிக்கு வழி காட்டட்டும்.

கொட்டகை வீட்டுக்குத் தள்ளி இருந்து, அது இன்னும் பற்றாமலும் போகிற வழி பாதுகாப்பாகவும் இருந்தால் மட்டும், பெரியவர்கள் போய் மாடுகளை அவிழ்க்கலாம். எந்த மாடு வழக்கமாக முன்னே நடக்குமோ அதை முதலில் கொண்டு வாருங்கள். மற்றவை அதன் பின்னே வரும். வெளியே வந்ததும் கொட்டகைக் கதவை அடைத்து, அவை திரும்ப ஓடாதபடி தூரமாக, காற்று அடிக்கும் திசைக்கு எதிர்ப்பக்கமாகக் கட்டுங்கள். கொட்டகை பற்றி எரிந்தால், மனதைக் கல்லாக்கிக்கொண்டு நில்லுங்கள். தீயணைப்பு வீரர்கள் வந்ததும், முதலில் மனிதர்கள் யாராவது உள்ளே இருக்கிறார்களா என்பதையும், பிறகு எந்தப் பிராணி எந்த மூலையில் இருக்கும் என்பதையும் சொல்லுங்கள். அவர்களிடம் மூச்சுக் கருவி இருக்கிறது, காப்பு உடை இருக்கிறது. நம்மிடம் ஈரத் துண்டு மட்டும்தான் இருக்கிறது. ஈரத் துண்டு நச்சு வாயுவை வடிகட்டாது.

தீ அணைந்த பிறகும் வேலை முடிவதில்லை. புகையில் இருந்த பிராணியை நல்ல காற்றில் படுக்க வையுங்கள். இருமல், வாயில் நுரை, சிவந்த கண், மேல்மூச்சு இவற்றில் எது இருந்தாலும் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். உடனே ஒன்றும் தெரியாவிட்டாலும், ஒன்றிரண்டு நாள் கழித்து நுரையீரல் கெடுவது உண்டு. தீக்காயத்தின் மேல் தேங்காய் எண்ணெய், பற்பசை, மஞ்சள், கிச்சாப் எதையும் தடவாதீர்கள். இது மனிதருக்கும் பொருந்தும். குளிர்ந்த சுத்தமான தண்ணீரைக் காயத்தின் மேல் மெதுவாக ஓட விடுங்கள். பனிக்கட்டி வைக்கக் கூடாது. பிறகு சுத்தமான ஈரத் துணியால் மூடுங்கள். நம் ஊர்க் குளிரில் காயத்தைத் தவிர்த்து மற்ற உடம்பைச் சாக்கால் போர்த்தி வைப்பது அவசியம். வலியில் இருக்கும் நாய் தன் எசமானையும் கடிக்கும். அதைக் கோபிக்க வேண்டாம். மூச்சுத் திணறும் நாயின் வாயை மட்டும் கட்டிவிடாதீர்கள். காணாமற்போன பூனை பல நாள் கழித்தும் பழைய இடத்துக்குத் திரும்பி வரும். ஒரு தட்டில் சோறும் தண்ணீரும் அங்கே வைத்துப் பாருங்கள்.

நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. பிராணியை வளர்ப்பவருக்கு அதன் நலத்தில் கடமை உண்டு என்று அது சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நமக்குத் தெரிந்ததுதான். நம் கையால் கட்டிய கயிற்றை நாம்தான் அவிழ்க்க வேண்டும். அதனால் அவிழ்த்துக்கொள்ள முடியாது.

கடைசியாக ஒன்று. இதையெல்லாம் எப்போது செய்வது, எப்படி நினைவில் வைப்பது என்று கேட்பீர்கள். நம் முன்னோர் அதற்கும் நாள் குறித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கொள்ளுங்கள். போகியன்று பழையன கழிக்கிறோம். இனி ஒவ்வொரு போகிக்கும், கொட்டகையைச் சுற்றிக் கிடக்கும் சாக்கு, சருகு, காய்ந்த புல், உடைந்த பெட்டி எல்லாவற்றையும் அகற்றுங்கள். மின்கம்பிகளை ஒரு பார்வை பாருங்கள். மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, பழைய கயிற்றை மாற்றிப் புதுக்கயிறு கட்டுவோம் அல்லவா? அன்று முடிச்சையும் மாற்றிக் கட்டுங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஒரே இழுப்பில் அவிழ்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நாய்க்குப் புதுக் கொக்கி போடுங்கள். மாடு இல்லாத வீட்டிலும் அந்த நாளில் இதைச் செய்யலாம்.

மறுபடியும் அந்த மூன்றாவது வீட்டுக்குப் போவோம். அதே நடுச்சாமம், அதே புகை. பாட்டி எழுப்புகிறார். தகப்பனார் கைக்குழந்தையோடு வாசலுக்கு வருகிறார். வாசல் பக்கத்தில் கட்டியிருக்கும் கறுப்பன் ஏற்கெனவே குரைத்துக் கொண்டிருக்கிறான். போகிற போக்கில் ஒரு விரல் கொக்கியை அழுத்துகிறது. சங்கிலி கீழே விழுகிறது. ஐந்து பேரும் ஒரு நாயும் கோயில் வாசலில் போய் நிற்கிறார்கள். பையன் அலறவில்லை. தகப்பனாரின் கால் வீட்டை நோக்கி அந்த ஓர் அடியை எடுத்து வைக்கவில்லை.

பலகையும் தகரமும் திரும்ப வரும். உங்கள் வீட்டுக் கட்டுத்தறியில் இருக்கும் முடிச்சை இன்று மாலையே ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.